பின்னந்தலையும் பதினோரு மாடியும்

என் மருமகளின் பின்னந்தலையைப் பார்க்காத ஆளே இந்த நகரத்தில் கிடையாது. சரி, நகரம் என்பது என் வாய்க்கொழுப்பு. ஒரு பதினோரு மாடிக் கட்டடத்துக்கு வந்து போகிறவர்கள் என்று குறைத்துக்கொள்ளுங்கள். அங்கே அவளுக்கு லிப்ட் இயக்கும் வேலை. ஒன்பது வருடமாகப் பொத்தான்களைப் பார்த்தபடி ஒரு முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் நிற்பவர்களுக்குப் பார்க்க வேறு என்ன இருக்கிறது?

அதனால்தான் அவள் தலையில் காசளவுக்கு முடி கொட்டி வழவழவென்று ஆனதை, வீட்டில் நாங்கள் கவனிப்பதற்கு முன்பே ஐந்தாவது மாடி டைப்பிஸ்ட் கண்டுபிடித்துவிட்டாள்.

“ஐயோ அக்கா, புழுவெட்டு விழுந்திருக்கு!”

அன்றிலிருந்து மாடிக்கொரு வைத்தியம். மூன்றாவது மாடி இன்சூரன்ஸ்காரர் சின்ன வெங்காயத்தையும் மிளகையும் அரைத்துத் தேய்க்கச் சொன்னார். எட்டாவது மாடி வக்கீல் பூண்டு என்றார். யார் மனமும் கோணக்கூடாதென்று இவள் எல்லாவற்றையும் தேய்த்துக்கொண்டாள். பத்தாவது மாடிக்குப் போகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது மாடியிலேயே இறங்கினார்கள். பிறகு இரண்டு தெரு தள்ளி ஒரு வைத்தியர் எண்ணெய் கொடுத்தார். தோல் வெந்து கொப்புளம் கிளம்பியது; ஒரு வட்டம் மூன்றானது.

கொப்புளத்தைப் பார்த்த டைப்பிஸ்ட் படிக்கட்டுக்கு மாறினாள். “புழுன்னா தொத்திக்கும்ல?” என்று அவள் கேட்ட கேள்வி லிப்டைவிட வேகமாகப் பதினோரு மாடியும் ஏறியது. முக்காலியில் இவள் மட்டும் தனியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் கூப்பிட்டார். “தொத்தாதுன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள டாக்டர் சீட்டு கொண்டாம்மா. இல்லன்னா ஸ்டோர் ரூமுக்குப் போயிடு.”

ஸ்டோர் ரூமில் உடைந்த நாற்காலிகள் உண்டு, மனிதர்கள் கிடையாது. வீட்டுக்கு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“முடி போனா போகட்டும் அத்தை. அந்த முக்காலி போச்சுன்னா நான் யார்கிட்ட பேசறது?”

“ஏன், நான் இல்லையா?”

“நீங்க பேசினா நான் கேக்கத்தானே முடியும்!”

மறுநாள் நானும் கூடப் போனேன். லிப்டுக்கு அடுத்த கதவில் தோல் மருத்துவர் என்று இத்தனை பெரிய பலகை.

“முடிக்கு எதுக்கு அத்தை தோல் டாக்டர்?”

“முடி என்ன சுவத்துலயா முளைக்குது?”

டாக்டரம்மா லென்ஸ் வைத்துப் பார்த்தார். “இதுல புழுவும் இல்ல, பூச்சியும் இல்ல. உடம்பே தன் முடியை எதிரின்னு நெனச்சு விரட்டுது. யாருக்கும் ஒட்டாது. எத்தனை நாளா இருக்கு?”

“ஆறு வாரம் டாக்டர்.”

“ஆறு வாரமா அடுத்த கதவுலதானே உக்காந்திருக்கேன்!”

“நீங்க ஒரு நாள்கூட லிப்டுல ஏறலையே.”

அதுவும் நியாயம்தான். தரைத்தளத்தில் வேலை பார்ப்பவர் எதற்கு லிப்டில் ஏறப்போகிறார்? அந்தக் கட்டடத்தில் இவள் பின்னந்தலையைப் பார்க்காத ஒரே ஆள், அதற்கு வைத்தியம் தெரிந்தவர்.

“புண்ணு ஆறட்டும், ஊசி போடலாம். மாசா மாசம் வரணும். முதல்ல வெள்ளையா முளைக்கலாம், பயப்படாதீங்க. வெங்காயத்தை இனிமே அடுப்படியோட நிறுத்திக்குங்க.”

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டை வெள்ளிக்கிழமை நான் மேனேஜர் மேஜையில் ஓங்கி வைத்தேன். மனிதர் பதறி எழுந்து, சத்தம் போட்டுப் படித்து, என் மருமகளிடம் மன்னிப்புக் கேட்டார். பதினோரு மாடியும் லிப்ட் வாசலில் வரிசை கட்டி நின்றது.

இதை எழுதும்போது என் தோளுக்கு மேல் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

“என்ன அத்தை இது? மேனேஜர் எழுந்தெல்லாம் நிக்கல. ‘சரி, முக்காலிலயே இரு’ன்னார், அவ்வளவுதான். வரிசையும் இல்ல ஒண்ணும் இல்ல. சீட்டை லிப்ட் கதவுக்குப் பக்கத்துல நான்தான் ஒட்டினேன். ரெண்டு நாள் எல்லாரும் படிச்சுட்டுப் படிக்கட்டுலதான் போனாங்க. மூணாவது நாள் அந்த டைப்பிஸ்ட் பொண்ணு வந்து நிதானமா படிச்சா. உள்ள ஏறினா. அஞ்சுல இறங்க வேண்டியவ, பதினொண்ணு வரைக்கும் கூடவே வந்தா.”