உப்புத்தண்ணீர் நாளில் சிப்ஸ்

எலிக்கு இரக்கப்பட்டு ஒரு முழு ஆராய்ச்சியையே கெடுத்தவன் நான். ஐம்பது தாண்டிய வயதில், வீடு கொள்ளாத புத்தகங்களைப் படித்த பிறகு செய்த காரியம். சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அதற்கப்புறம் நான் வாயைத் திறந்ததற்கு மட்டும் எனக்குக் கூச்சம் கிடையாது.

திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தின் எலிகளுக்கு நான்தான் பொறுப்பு. சாலைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண் ஒருத்தி அங்கே பிஎச்.டி. செய்கிறாள். பசியையும் தூக்கத்தையும் விரட்டுகிற ஊக்கமருந்துகள் மூளையை எப்படி வளைக்கின்றன என்பது அவள் கேள்வி.

அதற்கு இரண்டு அறைகள் உள்ள பெட்டி. ஒருநாள் மருந்து ஊசி போட்டு எலியைக் கோடு போட்ட அறையில் விட வேண்டும். மறுநாள் வெறும் உப்புத்தண்ணீர் ஊசி, வெள்ளை அறை. கடைசியில் ஊசியே இல்லாமல் நடுக்கதவைத் திறந்தால் எலி எங்கே போய் உட்காருகிறது என்று பார்ப்பது. பிறகு எலியைக் கொன்று மூளையைப் பார்ப்பது.

மூளை செல் டோபமின் என்ற ரசாயனத்தை வெளியே விட்டதும் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மருந்து அந்த வழியை அடைத்துவிடும். கிழக்கேகோட்டையில் பஸ்கள் ஆட்களை இறக்கிக்கொண்டே இருக்க, ஏற்றிக்கொண்டு போக ஒரு பஸ்ஸும் வராவிட்டால் என்ன ஆகும், அந்த நெரிசல்தான். வெறும் சுகம் என்று அதை நினைத்துவிடக் கூடாது. ‘இந்த இடத்தை மறக்காதே, திரும்ப வா’ என்று மூளை அடிக்கிற முத்திரை அது.

உப்புத்தண்ணீர் நாளில்தான் எனக்கு மனசு கேட்கவில்லை. ஊசி வலி அதே வலி, பதிலுக்கு ஒன்றுமில்லை. சாலைக் கடைத்தெருவிலிருந்து வாங்கிவந்த நேந்திரங்காய் சிப்ஸை உடைத்து, கேமரா ஓடுவதற்கு முன் வெள்ளை அறையின் மூலையில் ஆளுக்கு ஒரு துண்டு போட்டுவந்தேன்.

சோதனை நாளில் பாதி எலிகள் கோடு போட்ட அறையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெள்ளை மூலையை முகர்ந்துகொண்டு நின்றன. அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. உதவித்தொகைக் காலம் முடிய அதிக நாள் இல்லை.

அவளுடைய வழிகாட்டி, மலையாளி, வீடியோவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஆ எலிகள் செரியல்ல. கணக்கில்நின்னு ஒழிவாக்கு.”

அந்த எலிகளைக் கணக்கிலிருந்து நீக்கிவிடச் சொல்கிறார். அவள் தலையாட்டப் போனாள். நான் முந்திக்கொண்டேன்.

“எலிக்கு ஒண்ணும் இல்ல சார். நான்தான் சிப்ஸ் குடுத்தேன்.”

“எந்து?”

“நேந்திரங்காய் சிப்ஸ். வெள்ளை ரூம்ல மட்டும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “ஆரும் சோதிச்சில்லல்லோ. மிண்டாதிரி.”

யாரும் கேட்கவில்லை, பேசாமல் இரு என்கிறார்.

“மிண்டுவேன் சார். அந்த எலிகளைத் தள்ளுறதுன்னா என்னையும் வேலையை விட்டுத் தள்ளுங்க. வெளிய போயும் மிண்டுவேன்.”

இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். அந்த எலிகள் எதையும் தப்பாகச் செய்யவில்லை. மருந்து அடிக்கிற அதே முத்திரையைத்தான் நல்ல தீனியும் அடிக்கிறது, கொஞ்சம் மெதுவாக. தமக்கு நடந்ததை அவை அப்படியே காட்டின. அந்தக் கூடத்தில் அன்று ஒழுங்காக நடந்துகொண்டவை அவை மட்டும்தான். நமக்கு வேண்டிய பதிலைச் சொல்லாத எலியைச் சரியில்லாத எலி என்பதற்குப் பெயர் ஆராய்ச்சி இல்லை. அவள் இனிமேல் எழுதப்போகும் ஒவ்வொரு வரியும் அந்தப் பொய்யின் மேல்தான் நிற்க வேண்டியிருக்கும்.

வழிகாட்டி கடைசியில் இறங்கிவந்தார். புது எலிகளோடு முதலிலிருந்து செய்வது, உதவித்தொகையை நீட்டித்துக் கேட்பது என்று முடிவாயிற்று. என்னைத் தள்ளவில்லை. எலிக்கூடத்துக்குள் தின்பண்டம் கூடாது என்று கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள், அவ்வளவுதான்.

உண்மையைக் காப்பாற்றிவிட்ட மிதப்பில் அவளை டீ குடிக்க அழைத்துப் போனேன். நன்றி சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் டீயை ஊதி ஊதிப் பாதி குடித்துவிட்டுச் சொன்னாள்:

“அண்ணாச்சி, நீங்க பாவம் பாத்ததுல இப்ப இன்னொரு கூட்டம் எலி சாகணும், கேட்டேளா.”