இரண்டு பூச்சி மருந்துகள்

பப்பாசி விதையைப் பச்சையாக அரைத்தால் கடுகும் மிளகும் கலந்தாற்போல் ஒரு காரம் மூக்கில் ஏறும். யாழ்ப்பாணத்து உடுப்பிட்டியில் நாங்கள் பழத்தைத் தின்றுவிட்டு விதையைக் கோழிக்கு எறிகிறவர்கள். அந்த விதையை நான் கையெடுத்துக் கும்பிட வேண்டியவள் என்று அப்போது யார் கண்டது?

போர்க்காலம், மாத்திரை, எங்கள் சொல்லில் குளிசை, கிடைப்பது குதிரைக்கொம்பு. சிறுமியான நான் வயிறு ஊதி, முகம் வெளிறி, நித்திரையில் பல்லைக் கடித்து 'பல்லு நறும்பி'க்கொண்டு கிடந்தேன். "பூச்சிதானப்பா, பிள்ளை உருகிப் போறாள்" என்று அம்மா கலங்கினார். பக்கத்து வளவு வெங்காயத் தோட்டக்காரர் செல்லையா மாமா தம் பிள்ளைகளின் வயிற்றுப் பூச்சிக்கு ஏதோ அரைத்துக் கொடுப்பது ஊரறிந்த விஷயம். மூன்று சொல்லுக்கு மேல் கதைக்காத அப்பா வேலியோரம் போய், "அண்ணை, பூச்சி மருந்து இருக்கோ?" என்று கேட்டார். "ஓம், கொண்டுபோங்கோ" என்று மாமா ஒரு பழைய இருமல் மருந்துப் போத்தலில் ஊற்றிக் கொடுத்தார்.

எதையும் மணந்து பார்க்காமல் பிள்ளைகளுக்குக் கொடுக்காதவர் அம்மா. என் வாயருகே வந்த கரண்டி அப்படியே நின்றது. "இதென்னப்பா, வெங்காயத்துக்கு அடிக்கிற மருந்து மணமெல்லோ?"

அப்பா வேலிக்கு ஓடிப்போய்ச் சொன்னதும் மாமா பதறியடித்து வந்து முற்றத்தில் குந்திவிட்டார். "ஐயோ, பிள்ளைக்கோ கேட்டனீங்கள்? உங்கடை கத்தரிக்கெண்டெல்லோ நினைச்சன்" என்று அழுதார். பிறகு எழுந்து, பப்பாசியைப் பிளந்து, விதையை அம்மியில் அரைத்துத் தேனில் குழைத்து, எங்கள் எல்லோருக்கும் முன்னால் முதல் கரண்டியைத் தாமே விழுங்கினார். அடுத்தது எனக்கு. மறுநாள் வெளியேறியவற்றைப் பார்த்து, இத்தனையும் எனக்குள்ளேயா குடியிருந்தன என்று அம்மாவைக் கேட்டேன்.

அந்தக் காரத்துக்குக் காரணமான பொருள் புழுக்களைத் தாக்கக்கூடியது என்பதையும், விதையைத் தேனோடு கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் பல பிள்ளைகளுக்குப் பூச்சி நீங்கியது என்பதையும் வளர்ந்தபின் வாசித்தபோது மயிர்க்கூச்செறிந்தது. ஆய்வுகள் சிறியவைதான், குளிசைக்கு அது மாற்று என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் கோழிக்கு எறிந்த விதைக்குள் இவ்வளவு இருந்ததே!

அன்றிலிருந்து மாமா தம் தெளிமருந்தை 'வெங்காயத்து மருந்து' என்றே சொல்லிவந்தார். அவரோடு அந்தச் சொல்லும் போய்விட்டது. இப்போது கடையிலும் ஆஸ்பத்திரியிலும் இரண்டுக்கும் மறுபடி ஒரே பெயர். என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பூச்சிக் குளிசை கொடுத்துவிடுகிறார்கள். அதற்கு ஒரு மணமும் இல்லையென்று தெரியும்; ஆனாலும் மணந்து பார்த்துவிட்டுத்தான் அவள் கையில் வைக்கிறேன்.