இரண்டு பேய் ரைடும் ஒரு தறிக்கார அண்ணாச்சியும்

சென்னையில் போட்டி போடும் இரண்டு தீம் பார்க்குகளிலும் புதிதாகப் பேய் ரைடு வந்திருக்கிறது. இருட்டுக்குள் வண்டியில் உட்காரவைத்து அலறவிடுவார்களாம்.

லீவுக்குப் பிள்ளைகளை இரண்டில் எதற்குக் கூட்டிப்போவது என்று எனக்குக் குழப்பம்.

இரண்டுக்கும் போய்வந்த பக்கத்து வீட்டு அண்ணாச்சியை இன்று காலை சங்கரன்கோவில் டீக்கடையில் பிடித்தேன். முப்பது வருடமாக விசைத்தறி ஓட்டுகிறவர்.

"மொத ரைடுதான்வே சூப்பர். ஏசி, இருட்டு, தறி மாதிரியே தடதடன்னு சத்தம். ஏறுன உடனே தூங்கிட்டேன்."

"ரெண்டாவது?"

"அது சரியில்ல. நல்லா தூங்கும்போது திடீர்னு சத்தம் நின்னுட்டு. முழிச்சுப் பாத்தா மூஞ்சிக்கு முன்னால பேய்."

"பயந்துட்டீங்களா?"

"எதுக்கு? 'கரண்ட் போயிட்டா வே?'ன்னு கேட்டேன். அது பேந்தப் பேந்த முழிக்கு."

நண்பர்களே, முழித்துக்கொண்டே போய்வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். டிக்கெட் போடணும்.