களத்து வாசலில் கழற்றிய செருப்பு

அப்பா, அம்மா, தங்கை, நான். ஜவ்வாது மலையில் ஒரு சாமைக் களத்துக்கு வெளியே அன்று செருப்பைக் கழற்றியது நாங்கள் நாலு பேர்தான். நேற்று ஆரணிக் கல்யாண மண்டப வாசலில் செருப்பைக் காணாமல் தேடியபோது அது நினைவுக்கு வந்தது.

தொண்ணூறுகளில் ஒரு நாள், தறிக்கு லீவு விட்டு மலை பார்க்கப் போனோம். கதிர் அடிப்பதைப் பார்க்கணும் என்று தங்கை களத்துக்கு இழுத்துப் போனாள். புழுதியும் வைக்கோல் வாசனையுமாக இருந்தது. திரும்பினால் ஒரு செருப்பும் இல்லை.

"இன்னாம்மா, செருப்பு எங்க?" என்று அப்பா நிலத்துக்கார அம்மாவைக் கேட்டார்.

"சாப்புடுங்க, வரும்." அவள் சிரித்தாள்.

அப்பாவுடையது புதுச் செருப்பு. பஸ்ஸுக்குக் கல்லுப் பாதையில் இறங்கணும். "வாயில வைக்காத. இன்னா கலந்து வெச்சிருக்காங்களோ," என்று அம்மாவிடம் முணுமுணுத்தார்.

"உங்க செருப்புக்கு நான் பட்டினி கெடக்கணுமா?" அம்மா உட்கார்ந்துவிட்டாள்.

சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு. நாங்கள் மூவரும் சாப்பிட்டோம். செருப்பு வரவில்லை. அந்த அம்மா அப்பா தொடாத இலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"களம் மிதிச்சவங்க பசியோட போனா எங்களுக்கு வெளையாதுங்க. அதான் ஒளிச்சி வெப்போம்."

அப்பா நம்பவில்லை. கண்ணை மூடி ஒரு பிடி விழுங்கினார். உடனே அவள் கோழிக்கூண்டுக்குள் கைவிட்டுச் செருப்புகளை எடுத்து வந்தாள். பஸ் ஏறிய பிறகும் அப்பா சீட்டுக்கு அடியில் குனிந்து செருப்புகளை எண்ணினார்.

நேற்று எங்கள் செருப்பை யாரோ ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். மனைவி, இரண்டு பிள்ளைகள், நான். குனிந்து எண்ணினேன்.

எட்டு.