கிணற்றுக்குள்ளிருந்து வந்த தாளம்

ஸ்பீக்கர் பெட்டியின் மேல் ஐந்து புளியங்கொட்டைகளை வரிசையாக வைக்கிறார் நஞ்சுண்டன். பாட்டை ஓடவிட்டு, கொட்டைகளையே உற்றுப் பார்க்கிறார். அவை அசையாவிட்டால் உதட்டைப் பிதுக்குகிறார். "இதுக்கு ஆரும் எந்திரிக்க மாட்டாங்க."

கோவை கணபதியில், எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக்கம்பியில் காயில் கட்டுவது அவர் தொழில். வேலை முடிந்ததும் அதே மேசையில் ஒலிநாடாவைப் பிளேடால் வெட்டி ஒட்டிப் பாட்டுகளை மாற்றுகிறார். ரீமிக்ஸ் என்றால் கூச்சப்படுகிறார். "பிரிச்சுக் கட்டறதுதானுங்க."

திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வந்த வெளிநாட்டுக்காரர் விட்டுப்போன கேசட் ஒன்று அவர் கைக்கு வந்தது. டீப் ஹவுஸ் என்ற மேல்நாட்டு இசை வகையாம். ஒரு பெண் தனக்குத்தானே முணுமுணுப்பது போன்ற பாட்டு. கண்மூடிக் கேட்கலாம், ஆட முடியாது. மூன்று வாரம் அதைப் பிரித்துக் கட்டினார்.

ஓட்டல் ஹாலில் கல்லூரிப் பிள்ளைகளின் ஆட்டம். ஸ்பீக்கர் தூக்க நானும் அவரோடு போயிருந்தேன். பெண்கள் ஆறு மணிக்குள் வீடு சேரவேண்டும் என்பதால், மதியம் மூன்று மணிக்கே திரைச்சீலை இழுத்து இருட்டாக்கியிருந்தார்கள்.

"ஏனுங்ணா, ஒரே பாட்டுத்தான். ஆரும் ஆடலீனா சினிமாப் பாட்டுப் போட்டுருவேன். அப்புறம் உங்களைக் கூப்பிட மாட்டேன்" என்றான், ஏற்பாடு செய்த மோகன்குமார்.

"ஆகட்டுங்க தம்பி."

இரண்டு நிமிடம் குரலே இல்லை, வெறும் தாளம். பையன்கள் சுவரோரம், பெண்கள் நாற்காலியில். மோகன்குமாரின் கை சினிமாக் கேசட்டுக்குப் போயிற்று. நஞ்சுண்டன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நாற்காலிகளுக்கடியில் ஒரு செருப்பு தட்டியது. பிறகு மூன்று. அடியிலிருந்து பேஸின் கனத்த அதிர்வு ஏறி வந்தது. திடீரென்று எல்லாம் நின்றது. இரண்டு மூச்சு நேரம் மௌனம். அந்த மௌனத்துக்குள் ஒரு கைத்தட்டல், பூமியின் அடியிலிருந்து கேட்பதுபோல. யாரோ பதிலுக்குத் தட்டினார்கள். அப்போதுதான் அந்தப் பெண்ணின் குரல் வந்தது.

அதே துயரமான குரல்தான். ஒரு நாற்காலியிலும் ஆள் இல்லை. துயரத்துக்கும் கால்கள் உண்டென்று அன்றுதான் கண்டேன்.

"என்னத்தைங்ணா சேர்த்தீங்க?" மோகன்குமாருக்கு மூச்சு வாங்கியது.

"ஒண்ணும் சேர்க்கலீங்க. எடம் உட்டுப்போட்டேன், அவ்வளவுதான்."

அது முழு உண்மையல்ல என்று பல மாதம் கழித்து அவர் மனைவி பழனியாத்தாள் சொல்லித் தெரிந்தது. அந்தக் கைத்தட்டல் கேசட்டில் இருந்ததல்ல. வற்றிய கிணற்றுக்குள் பழனியாத்தாள் இறங்கி நிற்க, மேலிருந்து மைக்கைத் தொங்கவிட்டபடி, "இன்னொருக்கா, அம்மணி" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார் நஞ்சுண்டன். "அந்தப் புள்ளை பாடறதுக்கு நானெதுக்குங்க கெணத்துக்குள்ள நின்னு கை தட்டோணும்?" என்று கேட்டபடியே, உள்ளங்கை சிவக்கச் சிவக்க, உச்சிவெயில் ஏறும்வரை தட்டினாராம்.