ஏழு தடவை கழுவிய நாய்க்குட்டி

எங்கள் வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்ததற்கு ஒரே காரணம், எங்கள் வீட்டில் நாயே நுழைந்ததில்லை என்பதுதான்.

அப்போது எனக்கு எட்டு வயது. அக்கா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைகளில் கருவடிக்குப்பம் பக்கம் இருந்த தெருநாய்க் காப்பகம் ஒன்றுக்குப் போய்க் கூண்டு கழுவிவிட்டு வருவாள். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். அவளும் பின்பக்கமாகப் போய்க் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். அந்த வருடம் ஐப்பசி மழையில் காப்பகத்துக் குட்டிகளுக்குப் பார்வோ கண்டது. வாந்தியும் ரத்தப்பேதியுமாக இரண்டு மூன்று நாளில் ஒரு குட்டியை முடித்துவிடக்கூடிய நோய் அது. நோய் கண்டதைப் பிரித்து, நாய் இல்லாத வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அங்கே வரும் டாக்டர் சொல்லிவிட்டார். நாய் மேல் பிரியம் உள்ளவர்கள் வீட்டிலெல்லாம் ஏற்கெனவே நாய் இருந்தது.

"நம்ம வீட்டை வுட்டா பாண்டியிலயே வேற வீடு கெடையாதும்மா," என்று அட்டைப்பெட்டியோடு வாசலில் நின்றாள் அக்கா.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். நாங்கள் முஸ்லிம்கள். நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் போட்டுக் கழுவ வேண்டும் என்பது எங்கள் சட்டம். அத்தா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவுக்கு மெத்தைக் கடை. ஐந்து வேளையும் பள்ளிவாசலுக்குப் போகிறவர். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு முன்வரிசையில் நிற்பார். மார்க்க விஷயத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் எங்கள் வீதியில் முதலில் அத்தாவிடம்தான் வருவார்கள்.

அத்தா பெட்டியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "வூட்டுக்குள்ள வரக் கூடாது. பின்னாடி கொட்டகையில இருக்கட்டும். உசுருதானே," என்றார். மறுநாள் கடையிலிருந்து ஒரு பை இலவம்பஞ்சு கொண்டுவந்து கொட்டகை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

குட்டிக்கு ஒன்றரை மாதம் இருக்கும். வெளிர் பழுப்பு நிறம். வயிறு உள்ளே ஒட்டிப் போயிருந்தது. அதன் மேலிருந்து வந்த நாற்றத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் குமட்டும். பெட்டிக்கு மேலே சூட்டுக்காக ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சால் உப்புச் சர்க்கரைத் தண்ணீரை அக்கா சொட்டுச் சொட்டாக ஊட்டினாள். பேர் வைக்கலாமா என்று கேட்டேன். "மொதல்ல பொழைக்கட்டும்," என்று சிடுசிடுத்தாள். மூன்று நாள் தாண்டினால் பிழைத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த மூன்று நாளும் நான் அம்மாவைக் கவனித்தேன். குட்டியின் கிண்ணத்தை முதலில் மண் போட்டுத் தேய்ப்பாள், பிறகு விரல்விட்டு எண்ணி ஆறு தடவை அலசுவாள். ஏழாவதோடு கிண்ணம் சுத்தம். குர்ஆன் ஓதப் போகும் இடத்தில் நான்தான் முதல் மாணவி, அதனால் யோசிக்கும் பழக்கமும் இருந்தது. கிண்ணம் ஏழில் சுத்தமாகிறது என்றால் குட்டியும் ஏழில் சுத்தமாக வேண்டும். சுத்தமாகிவிட்டால் அத்தா வீட்டுக்குள் விடுவார். உள்ளே ஈரக்காற்று இல்லை, குட்டி பிழைத்துவிடும். இதில் ஒரு ஓட்டையும் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடத்துக்கு மழை லீவு. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மாமிக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அம்மா பஸ் ஏறிவிட்டாள். டிரிப் பாட்டில் வாங்கக் காப்பகத்துக்குக் கிளம்பிய அக்கா என்னிடம் சிரிஞ்சைக் கொடுத்து, "பத்து நிமிசத்துக்கு ஒருக்கா இத்தூண்டு தண்ணி குடு. வேற எதுவும் பண்ணாத. தூக்காத," என்றாள். அத்தா கடையைச் சாத்திவிட்டு வந்து, ஜும்ஆவுக்குக் குளிக்கப் போனார்.

நான் தூக்கினேன். குரோட்டன்ஸ் தொட்டியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உடம்பெல்லாம் தேய்த்தேன். குழாயடியில் ஒவ்வொரு குவளையாக ஊற்றி எண்ணினேன். நான்காவது குவளைக்குத் தலையைத் தூக்கிப் பார்த்தது. ஐந்தாவதுக்கு நடுக்கம் நின்றது. சுகமாக இருக்கிறது போலும் என்று மகிழ்ந்துபோனேன். ஏழாவது ஊற்றியபோது கழுத்து என் கையில் தொங்கியது. கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மழைக்குக் கரண்ட்டும் போயிருந்தது, பல்பு எரியவில்லை.

நான் போட்ட கூச்சலில் அத்தா ஓடிவந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி, தலையில் தொப்பி, கொட்டகை முழுக்க அத்தர் வாசனை. அந்த நேரம் பார்த்துப் பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள்.

"என்ன பண்ணுன?"

"ஏழு தடவ கழுவிட்டேன் அத்தா. ஒரு தடவ மண்ணு போட்டு. இப்ப சுத்தம்தான்."

அத்தா என்னைப் பார்த்தார். குட்டியைப் பார்த்தார். பள்ளிவாசல் இருந்த திசையில் ஒரு தடவை தலையைத் திருப்பினார்.

"சரி. குடு," என்றார்.

துண்டால் அதைத் துடைத்தார். சட்டைப் பொத்தான்களைக் கழற்றி உள்ளே வெறும் நெஞ்சோடு வைத்து அணைத்துக்கொண்டார். மற்றொரு கையால் அக்காவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் அக்கா பதறினாள். "ஒடம்புச் சூடு குடுக்கணும், நெஞ்சோட வெச்சுப் புடிக்கணும். அங்க யாரு இருக்கா?"

"நான்தான் வெச்சிருக்கேன்," என்றார் அத்தா. "அத்தாவா?" என்றாள் அக்கா.

கொட்டகையில் சாரல் அடித்தது. அத்தா எழுந்து, குட்டியோடு வீட்டுக்குள் நடந்தார். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் என்ன நினைத்தேனோ அப்படியே நடந்துகொண்டிருந்தது. ஆனால் குட்டி செத்துக்கொண்டிருந்தது. அழுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் அவர் காலடியில் உட்கார்ந்திருந்தேன்.

பள்ளிவாசல் பேட்டரி ஒலிபெருக்கியில் பயான், தொழுகைக்கு முந்தைய பிரசங்கம், தொடங்கி முடிந்தது. தொழுகை தொடங்கியது. அத்தா அதற்குப் போகாமல் உட்கார்ந்து நான் பார்த்ததேயில்லை. காய்ச்சலில் படுத்த வாரம்கூடப் போனவர். கட்டைவிரலால் அதன் முதுகை மேலும் கீழுமாகத் தேய்த்துக்கொண்டே, உதட்டுக்குள் எதையோ ஓதிக்கொண்டிருந்தார். சட்டையில் ரத்தம் கலந்த பேதி பரவியது. அவர் நகரவில்லை. மாவு பூசியது மாதிரி வெளுத்திருந்த அதன் ஈறை அவ்வப்போது உதட்டை விலக்கி எனக்குக் காட்டினார்.

தொழுகை முடிந்து ஆட்கள் வீதியில் திரும்பும்போது ஒருவர் வாசலில் நின்றார். "என்ன பாய், ஜும்ஆவுல காணோம்?"

"வூட்டுல ஒருத்தருக்கு ஒடம்பு முடியல," என்றார் அத்தா, நாற்காலியை விட்டு எழாமலே.

அவர் போன கொஞ்ச நேரத்தில் சட்டைக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. அத்தா குனிந்து உதட்டை விலக்கினார். ஈறின் ஓரத்தில் லேசாக, மிக லேசாக, ஒரு ரோஸ் நிறம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஒரு உயிர் திரும்பி வருவதை அவ்வளவு பக்கத்தில் அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. அத்தாவின் கண் கலங்கியிருந்தது. அதையும் அன்றுதான் பார்த்தேன்.

அக்கா நனைந்துபோய் வந்து டிரிப் ஏற்றினாள். அத்தா பின்பக்கம் போய் வெகுநேரம் குளித்தார். சட்டையைத் தானே துவைத்தார். பிறகு கூடத்தை அலசிவிட்டு, ஒரு மூலையில் பாய் விரித்துத் ஜும்ஆவுக்குப் பதிலாகத் தனியாக லுஹர், நண்பகல் தொழுகை, தொழுதார். நான் கழுவியதை அம்மாவிடமோ அக்காவிடமோ அவர் சொல்லவில்லை. மண் போட்டு ஏழு தடவை கழுவுவதற்கு இவ்வளவு சக்தியா என்று நான் மலைத்துப்போயிருந்தேன்.

குட்டி பிழைத்தது. ஒரு மாதம் எங்கள் கொட்டகையில் இருந்து, என் செருப்புகளையெல்லாம் கடித்துத் தீர்த்துவிட்டு, தவளக்குப்பத்தில் ஒரு வீட்டுக்குப் போனது.

அடுத்த வருடம் ஓதும் இடத்தில் எங்கள் ஆசிரியர் ஹஜ்ரத் இந்தச் சட்டத்தை விளக்கமாக நடத்தினார். நான் கையைத் தூக்கி, நாயையும் ஏழு தடவை கழுவினால் சுத்தம்தானே என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். "பாத்திரம் சுத்தமாவும்மா. நாயி எப்படி ஆவும்? எழுவது தடவ கழுவினாலும் ஆவாது," என்றார் ஹஜ்ரத்.

பொய் சொல்லி அத்தாவை ஜும்ஆவிலிருந்து நிறுத்திவிட்டேனே என்று நேராகக் கடைக்கு ஓடினேன். அத்தா தரையில் உட்கார்ந்து ஒரு மெத்தைக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு அது சுத்தமாகவே இல்லை அத்தா, எனக்குத் தெரியாது அத்தா என்று அழுதேன்.

ஊசியை நிறுத்தி என்னைப் பார்த்தார். "ஹஜ்ரத் அப்படியா சொன்னாரு?" என்று கேட்டு, என் கண்ணைத் துடைத்துவிட்டு, மறுபடி தைக்கத் தொடங்கினார்.

பாவம், அத்தாவுக்கும் இப்போதுதான் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.