செவலையைக் கூப்பிட்ட ஆவுடை டீச்சர்

ஆவுடை டீச்சர் இறந்துபோன செய்தி எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. பள்ளி அலுவலகத்தில் ஒரு மாற்றுச் சான்றிதழை நிரப்பிக்கொண்டிருந்தேன். காலையில் பால் வாங்கப் போன இடத்தில் மயங்கி விழுந்தாராம்; ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. யாரும் என்னைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. எட்டு மாதமாக நாங்கள் இருவரும் பேசுவதில்லை என்பது தெருவுக்கே தெரியும்.

அவரிடம் அறிவியல் படித்தவர்கள் நல்லதாகவே எழுதுவார்கள். எழுதட்டும், எல்லாம் உண்மைதான். பன்னிரண்டு வருடம் ஒரே பள்ளியில் வேலை பார்த்து, ஒரே தெருவில் குடியிருந்தவள் நான். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் செவலை என்றொரு ஆண் நாய் இருந்தது. காலையில் என் வீட்டிலும் சாயங்காலம் டீச்சர் வீட்டிலும் சாப்பிடும். போன வருடம் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் கிடந்த ஒரு குட்டியை நான் எடுத்து வந்தேன். மறுநாளே செவலை அதைக் கீழே தள்ளி, கழுத்தைக் கவ்வி உறுமியது. வாசல் பெருக்கும் வாரியலை ஓங்கிக்கொண்டு ஓடினேன். டீச்சர் என் கையைப் பிடித்துவிட்டார்.

“ஏட்டி செல்வி, நில்லு. அவன் வாயைப் பாரு. கவ்வத்தான் செய்யுதான், அழுத்தல.”

“கொன்னுருவான்க்கா.”

“நான் அவனைப் பிடிச்சுக்கிடுதேன். குட்டி ஓடிப் போகுதா, திரும்பி வருதான்னு மட்டும் பாரு.”

விடுபட்ட குட்டி இரண்டடி ஓடி, உடம்பை உதறிவிட்டுத் திரும்பி வந்து, செவலையின் காதைக் கடித்து இழுத்தது.

“பயந்த குட்டின்னா வராது. இது இன்னும் வேணும்னுல்லா கேக்கு,” என்றார் டீச்சர்.

பிறகு பள்ளி விட்டு வந்ததும் அவர் வீட்டு வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்துவிடுவோம். அத்தனை பெரிய நாய் தானாகவே மல்லாந்து படுத்துக் குட்டிக்குக் கழுத்தைக் கொடுக்கும். வேண்டுமென்றே மெதுவாக ஓடிப் பிடிபடும். குட்டியின் ஊசிப்பல் வலிக்கக் குத்தினால் மட்டும் ஓர் உறுமல். குட்டி உடனே அடங்கி, செவலையின் வாயை நக்கும். “எவ்வளவு கடிக்கலாம்னு இப்படித்தான் படிக்கும். நாம ஊடால போனா படிக்காது,” என்பார். முன்கால்களைத் தரையில் நீட்டி, பின்புறத்தைத் தூக்கி நாய்கள் குனிவதை அவர்தான் எனக்குக் காட்டினார். “இப்படிக் குனிஞ்சா, அடுத்தது எல்லாம் விளையாட்டுன்னு அர்த்தம். குனிஞ்சுட்டு ஏமாத்துத நாயை நான் பாத்ததே இல்ல.”

தை மாதம் ஒருநாள், இரண்டும் உருண்டுகொண்டிருந்தபோது எதிர்வீட்டுச் சிறுமி நடுவில் கையை விட்டுவிட்டாள். மணிக்கட்டில் பல் கீறி ரத்தம் வந்தது. ஊசி போட்டு, அவள் நன்றாகிவிட்டாள். நான் அன்று அலுவலக வேலையாகத் தென்காசிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து தெருவுக்குள் நுழையும்போது நாய் பிடிக்கிறவர்களின் சின்ன லாரி ஒன்று நின்றிருந்தது. கயிறோடு வந்த இரண்டு பேரைக் கிட்டே அண்டவிடாமல் செவலை சாக்கடை ஓரமாக ஒதுங்கி நின்றது.

அப்போது டீச்சர் முன்னால் வந்தார். முட்டி போட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் ஊன்றி, தலையைத் தாழ்த்தினார். செவலை வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து, அவருக்கு எதிரே அதேபோலக் குனிந்தது. அந்த நேரம் பார்த்துச் சுருக்கு விழுந்தது.

நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. எதிர்வீட்டுச் சிறுமியை நாய் கடித்துவிட்டதென்று அங்கே நின்றவர்கள் சொன்னார்கள்.

“ரெண்டுல எதுக்கா கடிச்சது?” என்று டீச்சரிடம் கேட்டேன்.

டீச்சர் என்னை வீட்டுக்குள் கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னார். “குட்டிப் பல்லுதான் பட்டுச்சு. நான் பாத்தேன். ரெண்டையும் கொண்டு போவோம்னு நின்னாங்க. செவலைதான்னு சொல்லிட்டேன். ஒன் குட்டியாவது மிஞ்சட்டும்னு.”

“நான் உங்ககிட்ட கேட்டேனா?”

“கேக்கல.”

அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. பள்ளியில் வருகைப் பதிவேட்டை அவர் பக்கம் நகர்த்தி வைப்பேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

செவலையைப் பனவடலிசத்திரம் தாண்டிக் காட்டில் விட்டதாகச் சொன்னார்கள். பல சனிக்கிழமைகள் பஸ் ஏறிப் போய், டீக்கடைகளிலும் ஆடு மேய்ப்பவர்களிடமும் விசாரித்தேன். கிடைக்கவில்லை.

துக்க வீட்டில் டீச்சரின் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா அம்மா பையில சோத்தைக் கட்டிக்கிட்டுப் பனவடலி போயிருவா சித்தி. எதுக்குன்னு கேட்டா சொல்ல மாட்டா.”

அவள் நான் அழுவேன் என்று எதிர்பார்த்திருப்பாள். எனக்கு அழுகை வரவில்லை. நான் சனிக்கிழமை நடந்த தடத்தில் அவர் ஞாயிற்றுக்கிழமை நடந்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சேர்ந்தே போயிருப்போம். என்னைக் கேட்காமல் கொடுத்துவிட்டு, என்னிடம் சொல்லாமலே தேடியிருக்கிறார். அன்று வந்ததைவிட இப்போது அதிகமாகக் கோபம் வருகிறது. அதைக் காட்டுவதற்கு ஆளும் இல்லை.

டீச்சரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தக் கோபமும், நாய்களைப் பொறுமையாகப் பார்க்கும் பழக்கமும், அந்தக் குட்டியும். அது இப்போது வளர்ந்து பெரிய நாயாகிவிட்டது. அது என் வீட்டில் இருப்பது டீச்சர் சொன்ன பொய்யால்தான். அதற்காக அவருக்கு நன்றி சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.